வெட்டிய ஓரமும் நாடா வைத்த ஓரமும்

விருதுநகர்
13.7.2025, ஞாயிறு

அம்மா,

ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது என்று வார்டன் போனுக்குக் கை நீட்டியபோது நீ தொப்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. அதனால் பாதியில் வைத்துவிட்டேன். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

நீ தையல் வேலைக்குப் போகிற நைட்டிக் கம்பெனியில் முதலாளி இன்பராஜ் அண்ணாச்சி புதிதாகத் தொப்பி வேலை எடுத்திருக்கிறார். கொடைக்கானலில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, உருவம் கொடுத்த ஃபெல்ட் தொப்பிகளை வடக்கேயிருந்து வாங்கி அனுப்புகிறார். நெற்றியில் படுகிற உள்பட்டி தைப்பது, ரிப்பன் கட்டுவது, ஓரத்தை முடிப்பது இவை மட்டும் அருப்புக்கோட்டையில். ஓரத்தை நாடா வைத்துத் தைத்து மூடுவதா, வெட்டியது வெட்டியபடியே விடுவதா என்று அந்த அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. தைக்கிறவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அண்ணாச்சி அந்த முடிவை உன்னிடம் தள்ளிவிட்டார்.

அந்த அம்மாவுக்கு வேலை பிடித்துப்போனால், அண்ணாச்சி உனக்குத் தனியாகப் போட்டுக் கொடுத்த தொப்பி மேசை நிலைக்கும். நீயும் அங்கேயே இருப்பாய். பிடிக்காவிட்டால் அண்ணாச்சி மேசையை எடுத்துவிடுவார். உன் பழைய மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. அப்படியானால் ஆவணி பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நீ, அப்பா, தம்பி மூவரும் ஆண்டிச்சாமி மாமா இருக்கிற திருப்பூருக்குப் போய்விடுவீர்கள்.

சரிதானா?

திருப்பூரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது நீயும் அப்பாவும் பேசி முடிவு செய்ய வேண்டியது. தொப்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இன்று மதியம் நூலக டீச்சரிடம் கேட்டுக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். ஃபெல்ட் நெய்த துணியே இல்லையாம் அம்மா. பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஆட்டு ரோமத்தைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்து அழுத்தி, ஒன்றோடு ஒன்று சிக்கவைத்துத் தகடாக்குகிறார்கள். நூலே இல்லாத பொருளில் நூல் எப்படிப் பிரியும்? அதனால் நல்ல தொப்பிகளில் ஓரத்தை வெட்டி அப்படியே விடுவார்களாம். படத்தில் பார்த்தேன், கத்தி மாதிரி சுத்தமாக இருக்கிறது.

வெட்டிய ஓரம்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. தொப்பி வட்டத்தைச் சரிசெய்யும்போது கழிவுத் துண்டு விழும் அல்லவா? அதில் ஒன்றைக் கடிதத்தோடு அனுப்பு. சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

யுவராணி


18.7.2025

யுவராணிக்கு,

உன் கடுதாசி வந்தது. நீ எழுதியது எல்லாம் சரி. வெட்டிய ஓரம்தான் சரி என்று எழுதினாயே, அது ஒன்றுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் ஊசி பிடித்த நாளிலிருந்து ஓரம் அடிக்காமல் ஒரு துணியையும் கையைவிட்டு அனுப்பியதில்லை. நீ ஏழாவது படிக்கையில் பாவாடை ஓரத்தை மடித்துத் தைப்பதற்குள் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாய். சாயங்காலம் உங்கள் டீச்சர் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்து, "ஊருக்கெல்லாம் தைக்கிறீக, சொந்தப் பிள்ளைக்கு ஓரம் அடிக்க நேரமில்லையா"ன்னு கேட்டாக. அன்றைக்கு எனக்குத் தலை நிமிரவில்லை. இப்போது வெட்டியதை வெட்டியபடி அனுப்பு என்கிறாய்.

தொப்பி காப்பிக்கொட்டை நிறம். தொட்டால் இறுக்கின கம்பளி போல இருக்கிறது. ரொம்பத் தடிமன் இல்லை. நீராவி இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆட்டுக்கிடை வாடை எழும்புகிறது. பக்கத்து மிஷின் சங்கரம்மாள் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத விலை குடுத்து வாங்கித் தலையில கவுத்துறாகளா?"ன்னு கேட்கிறாள். அண்ணாச்சி உள்பட எங்கள் யாருக்கும் தொப்பி போட்டுப் பழக்கமில்லை. வெயிலுக்குத் தலையில் துண்டு போடுவோம், அவ்வளவுதான்.

நாடா வைத்து நான் ஒன்று தைத்துப் பார்த்தேன். நைட்டிக் கழுத்துக்கு பைப்பிங் வைக்கிற மாதிரிதான். வட்டம் என்பதால் நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். கைக்கு வந்துவிட்டது. அழகாக இருக்கிறது.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள் என்பதால்தான் உங்கப்பா இன்னும் இங்கே இருக்கிறார். பந்தல்குடியில் லோடு ஏற்றி இறக்கி அவர் இடுப்பு ஓய்ந்துவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது என்று உங்கள் மாமா தினமும் போன் பண்ணுகிறார். "உன் தொப்பி நிக்கட்டும், நாமளும் நிப்போம். இல்லன்னா ஆவணி ஒண்ணாந்தேதி பஸ்ஸு"ன்னு சொல்லிவிட்டார்.

கேட்ட துண்டு உள்ளே இருக்கிறது. நன்றாகச் சாப்பிடு.

அம்மா


விருதுநகர்
22.7.2025

அம்மா,

துண்டு வந்து சேர்ந்தது. கடிதம் முழுவதும் அந்த வாடை. பக்கத்துக் கட்டில் சுவாதி எலி செத்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியெல்லாம் நகர்த்திப் பார்த்தாள்.

பிறகு அவளும் நானும் சேர்ந்து சோதனை செய்தோம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தேய்த்தோம். மின்விசிறிக்கு நேரே கட்டித் தொங்கவிட்டோம். வேலி ஓரத்துக் கருவேல முள்ளில் மாட்டி உருவினோம். மதிய வெயிலில் தகரக் கூரை மேல் காய வைத்தோம். நம் பக்கத்தில் ஒரு தொப்பிக்கு வரக்கூடிய கஷ்டம் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஓரத்தில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. முள் குத்திய இடத்தை விரலால் தேய்த்ததும் அதுவே மூடிக்கொண்டது.

பாவாடையை நினைத்து நீ பயப்படுகிறாய் என்று தெரிகிறது. ஆனால் பாவாடை நெய்த துணி. பிரியாத ஒன்றுக்கு நாடா வைப்பது தேவையில்லாத வேலை இல்லையா? தேவையில்லாததைச் செய்தால், இவர்களுக்கு ஃபெல்ட்டைப் பற்றித் தெரியவில்லை என்று அந்தக் கொடைக்கானல் அம்மா நினைத்துக்கொள்வார். எனக்கு அதுதான் பயம். உனக்கு நன்றாகத் தைக்கத் தெரியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தொப்பியைத்தான் பார்ப்பார்.

வெட்டிய ஓரத்தையே சொல்லிவிடு அம்மா. நான் பொறுப்பு.

தம்பிக்குக் காலாண்டுப் பரீட்சை எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று போனில் கேட்டேனே, நீ அதற்குப் பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

யுவராணி


29.7.2025

யுவராணிக்கு,

நீ இவ்வளவு சொன்னதால் மனதை அடக்கிக்கொண்டு ஒரு தொப்பியை வெட்டிய ஓரத்தோடு விட்டேன். அண்ணாச்சி போட்டோ எடுத்துக் கொடைக்கானலுக்கு அனுப்பினார். தொப்பியையும் பார்சலில் போட்டுவிட்டார். போட்டோ பார்த்த உடனேயே அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டதாம். எல்லாமே இப்படி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் உனக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

முதல் பெட்டித் தொப்பிகளுக்கு ஓரம் வெட்டி, உள்பட்டி தைத்து, ரிப்பன் கட்டி மேசையில் அடுக்கிவிட்டு, ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று லீவு சொல்லி வந்தேன். திங்கட்கிழமை போனால் சங்கரம்மாள் அக்காவும் மற்ற இரண்டு பேரும் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஏ முத்து, அம்புட்டையும் ஓரம் அடிக்காமப் போட்டுட்டுப் போயிட்டியே. அண்ணாச்சி பாத்தா வைவாகன்னு நாங்களே உக்காந்து நாடா வச்சு முடிச்சிட்டோம்"ன்னு சொல்கிறாள் அக்கா. தங்கள் நைட்டி வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்திலும் தைத்திருக்கிறார்கள். எனக்காக.

மேசை முழுக்க நாடா வைத்த தொப்பி. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஊசி போன தடம் எறும்பு வரிசை போல வட்டமாக நிற்கிறது. விரலால் தேய்த்தால் மூடவில்லை. மிஷின் ஊசி அல்லவா, முள் இல்லையே.

அண்ணாச்சி வந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொத லோடே இப்பிடியா தாயி"ன்னு மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஓரம் அப்படியேதான் இருக்க வேண்டும் என்று இவர்களிடம் சொல்லாமல் லீவு போட்டது என் தப்பு என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு விஷயம் விளங்கியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உங்கப்பாவிடம் சொன்னேன். மறுநாள் வீடு பார்க்கத் திருப்பூர் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு இருக்கிற ஒரு போனையும் அவர்தான் கொண்டு போயிருக்கிறார். ஆடிப்பெருக்கு கழித்து வருவார். நான் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

நீ இதை நினைத்துப் படிப்பை விட்டுவிடாதே.

அம்மா


விருதுநகர்
1.8.2025

அம்மா,

எதையும் கட்டாதே. ஒரு வழி இருக்கிறது.

உன் கடிதத்தைப் பள்ளி முடிந்து வந்ததும் படித்தேன். நான் எத்தனை உறுதியாக எழுதினேனோ அத்தனை பயமாகிவிட்டது. பிறகு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். நூல் இல்லாத துணி என்றால் எந்த இடத்தில் வெட்டினாலும் ஒன்றுதானே? முதல் வெட்டுக்கும் இரண்டாவது வெட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சுவாதியிடம் ஊசி வாங்கி, துண்டின் ஒரு பாதியில் ஓரத்துக்கு ரிப்பன் வைத்துத் தைத்தேன். அதைப் பிரித்தேன். நீ சொன்ன எறும்பு வரிசை வந்தது. அந்த வரிசைக்கு உள்ளே பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினேன். தடம் கழிவோடு போய்விட்டது. புது ஓரம் பழையதைப் போலவே இருக்கிறது.

நீங்களும் நாடாவோடு சேர்த்துச் சுற்றி வெட்டிவிடுங்கள். தொப்பியின் வட்டம் ஒரு விரல்நுனி குறையும். அதை மட்டும் அண்ணாச்சி அந்த அம்மாவிடம் கேட்டுக்கொள்ளட்டும். எல்லாத் தொப்பியும் ஒரே மாதிரி குறைந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

சங்கரம்மாள் பெரியம்மாவை அழ வேண்டாம் என்று சொல். அவர்கள் இடத்தில் நீ இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாய்.

நூலக டீச்சர் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறார். திங்கட்கிழமை கிடைத்துவிடும்.

யுவராணி


விருதுநகர்
3.8.2025, ஞாயிறு

அம்மா,

வெட்டாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வெட்டியிருந்தால், மீதியையாவது வெட்டாதே.

இன்று அப்பா போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே வந்தது. கம்பெனி நம்பர் என்னிடம் இல்லை. வார்டன் தன் போனில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இது நாளைக் காலையில்தான் தபாலில் சேரும். புதன்கிழமை வந்தாலே பெரிது.

நடந்தது இதுதான். வெட்டிய துண்டை ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தேன். நேற்று சுவாதி துவைத்த யூனிஃபார்மை ஈரத்தோடு அதன் மேலேயே போட்டுவிட்டாள். இன்று எடுத்துப் பார்த்தால் நான் வெட்டிய பாதி முழுக்க அலை அலையாக நெளிந்துவிட்டது. தட்டையாக வைத்து மேலே புத்தகம் அடுக்கினேன். எடுத்ததும் மறுபடி நெளிகிறது. மற்றப் பாதியில் ரிப்பன் வைத்துத் தைத்து அதையும் நனைத்துக் காயப்போட்டேன். அது நெளியவில்லை. தையல் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது.

அம்மா, நாம் வெயிலை நினைத்தோம், காற்றை நினைத்தோம், முள்ளைக்கூட நினைத்தோம். ஈரத்தை யாருமே நினைக்கவில்லை. நீ, நான், அண்ணாச்சி ஒருவரும் நினைக்கவில்லை. தொப்பி போகப்போவது கொடைக்கானலுக்கு. அங்கே மேகம் வீதியில் இறங்கி நடக்கும் என்று புவியியல் பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வறண்ட திருச்சுழிப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு, படித்திருந்தும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

நூலக டீச்சர் இன்று விடுதிக்கு வந்திருந்தார். அவர் போனில் மறுபடி தேடிப் படித்தேன். வெட்டிய ஓரம் நல்லதுதான். ஆனால் அது தடித்த, இறுக்கமான ஃபெல்ட்டுக்கு. மெல்லிசானதற்கு நாடா வேண்டும். நூல் பிரியாமல் இருப்பதற்கு இல்லை, வட்டம் வடிவம் மாறாமல் நிற்பதற்கு. ரொம்பத் தடிமன் இல்லை என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

வெட்டாதே அம்மா.

யுவராணி


9.8.2025

யுவராணிக்கு,

வெட்டாதே என்று நீ எழுதிய கடுதாசி புதன்கிழமைதான் வந்தது. அதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. பயப்படாதே. உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ வெட்டச் சொன்ன கடுதாசி கிடைத்தது. மறுநாள் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். "ஒன் மக சொல்றது நியாயமாத்தான் இருக்கு, வெட்டு"ன்னு சொல்லிவிட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒன்றை எடுத்துப் பெரிய கத்தரியால் சுற்றி வெட்டினேன். நீ சொன்ன மாதிரியே சுத்தமாக வந்தது. ஆனால் அடுத்ததை எடுக்கக் கை வரவில்லை. ஒன்று போதும், முதலில் யாராவது இதைத் தலையில் போட்டுப் பார்ப்போம் என்றேன். இத்தனை நாளில் ஒருத்தரும் போட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சங்கரம்மாள் அக்கா தலையில் வைத்து டீ வாங்கி வர அனுப்பினோம். ஆடிக்காற்று தெரியுமே. தெருமுனை திரும்பியதும் தொப்பியின் முன்பக்கம் மடங்கிக் கண்ணை மூடிவிட்டது. பின்பக்கம் சேவல் வால் மாதிரி தூக்கிக்கொண்டது. ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் தொப்பி, அக்கா வழி தெரியாமல் டீக்கடை பெஞ்சில் முட்டிக்கொண்டாள். கடைக்காரர், "யாருக்கா அது, வெள்ளைக்காரச்சியா?"ன்னு கேட்டிருக்கிறார். ஒரு வாரமாக அழுத மூஞ்சியோடு இருந்தவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். பிறகு நாடா வைத்ததைப் போட்டு மறுபடி அனுப்பினோம். அது அப்படியே நின்றது.

நான் அண்ணாச்சியிடம், "பார்சல்ல போன தொப்பி அங்க எப்பிடி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க. இந்தக் காத்துக்கே இப்பிடின்னா மலையில என்ன ஆகுமோ"ன்னு சொன்னேன். அவர் தயங்கித் தயங்கித்தான் போன் போட்டார்.

அந்த அம்மாவே பேசலாம் என்று இருந்தாராம். கடை வாசலில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார். இரண்டு நாள் மூடுபனி. ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டதாம். நாடா வைத்துத் தர முடியுமா, ரொம்ப நாளாகுமா என்று தயக்கத்தோடு கேட்டிருக்கிறார். அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொல்கிறார்: "மொத பெட்டி ரெடியா இருக்கும்மா. எங்க ஆளுக ஒரு யோசனையாத்தான் முன்கூட்டியே நாடா வச்சிட்டாக."

சங்கரம்மாள் அக்கா தலையில் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பெட்டி வியாழக்கிழமை போய்விட்டது. இன்று பதில் வந்தது. பிடித்திருக்கிறதாம். பனிக்காலத்துக்கு இன்னும் வேண்டுமாம், தைமாதம் வரைக்கும் வேலை இருக்கிறது. தொப்பி மேசைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார் அண்ணாச்சி. நான் வெட்டிய அந்த ஒன்றை அண்ணாச்சியே கேட்டு வாங்கித் தன் ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார்.

உங்கப்பா நேற்று வந்தார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இரண்டு வீடு பார்த்தாராம். ஒன்றில் ஜன்னல் இல்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அந்த அண்டாவ நிமித்தி வை, குளிக்கத் தண்ணி புடிக்கணும்"ன்னு சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி இவருக்கும் பார்சல் கட்டுகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாரம் தூக்க வேண்டாம்.

நீ பொறுப்பு என்று எழுதினாய் அல்லவா? உன் பேச்சைக் கேட்டும் பார்த்தேன், கேட்காமலும் பார்த்தேன். அடுத்த தடவையும் எழுது. வெட்டுவதற்கு முன்னால் நான் ஒன்றைத் தலையில் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பிக்குக் காலாண்டுப் பரீட்சை திருச்சுழியில்தான்.

அம்மா


விருதுநகர்
13.8.2025

அம்மா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வரிசையில் நின்றே படித்துவிட்டேன். உட்கார்ந்து படி என்று நீ எழுதியதைப் பார்ப்பதற்குள் பாதி முடிந்துவிட்டது. சங்கரம்மாள் பெரியம்மா டீக்கடை பெஞ்சில் முட்டிக்கொண்ட இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சாம்பார் ஊற்றுகிற அக்கா கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

நேற்று மாலைப் படிப்பு நேரத்தில் மேசையிலேயே தூங்கிவிட்டேன். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று சுவாதி வார்டனிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் அவர் எழுப்பவில்லை. கண் விழித்தபோது இயற்பியல் புத்தகம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் ஒரு கடிதத்திலும் எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நீங்கள் திருப்பூர் போவதில் எனக்கு விருப்பமே இல்லை. அப்பா இடுப்பை நினைத்தால் அப்படிச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. மற்றப் பிள்ளைகள் லீவுக்கு ஊர் போகும்போது நான் தெரியாத ஊரில், தெரியாத தெருவில் போய் இறங்க வேண்டுமே என்று தினமும் நினைத்தேன். முன்பே எழுதியிருந்தால், கத்தரி பிடிக்கும்போது என்னையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நின்றிருப்பாய். ஓரத்தைப் பற்றி மட்டும் நீ யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது எழுதினால் யாருக்கும் பாரமில்லை. போக வேண்டாம் அம்மா.

வெள்ளிக்கிழமை கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் எங்களை விடுகிறார்கள். ஞாயிறு வரை லீவு. அருப்புக்கோட்டையில் இறங்கித் திருச்சுழி பஸ் ஏறிவிடுவேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன்.

யுவராணி